பயில்வான் ஜிப்பாவுக்கு வந்த கிராக்கி

தையல் கடையில் அளவு கொடுக்க நிற்கிறவர் யாரும் வாயை மூடிக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை. கையைத் தூக்குங்கள் என்றால் போதும், கையோடு சேர்ந்து மனசில் கிடப்பதும் மேலே வந்துவிடும். நீங்களும் ஏதாவது ஒரு கடையை வைத்துக்கொண்டு, வருகிறவர் பேசுவதையெல்லாம் சிரித்த முகமாகக் கேட்டுப் பிழைக்கிறவராக இருந்தால் என் அவஸ்தை உங்களுக்குப் புரியும்.

ஐம்பதுகளில் ஓசூர் கடைத்தெருவில், பெங்களூர் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் கடை. முன்பக்கம் மெஷின், பின்பக்கம் வீடு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக்கே பெருமை தேடித் தந்தவர் பயில்வான் திம்மராயன். உத்தனப்பள்ளிப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பெங்களூரிலும் மைசூரிலும் மலைபோல இருந்த ஆட்களையெல்லாம் மல்லாக்கச் சாய்த்தவர். காலண்டரில் அவர் படம் வந்தது. ஆனால் குஸ்தியைவிட அவருக்கு அதிகப் பேர் வாங்கிக் கொடுத்தது இன்னொன்று. ஜெயித்ததும் தனக்குப் போட்ட மாலையைக் கழற்றி, கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி மாதம்மா கழுத்தில் போடுவார். "புருஷன்னா இப்பிடி இருக்கணும்" என்று ஊர்ப் பெண்கள் சொல்லிச் சொல்லியே எங்களைப் போன்ற சாதாரணப் புருஷர்கள் நொந்து போயிருந்தோம்.

சொம்பும் டம்ளரும்

பயில்வானின் ஜிப்பாக்களை நான்தான் தைத்தேன். கழுத்தை அகலமாக வெட்டி, தோளில் மடிப்பு வைத்து, நெஞ்சு எடுப்பாகத் தெரியும்படி நானே யோசித்து உண்டாக்கிய மாதிரி அது. அளவெடுக்கும்போது அவர் முதுகைச் சுற்றி என் கை எட்டாது. ஒரு முனையை அவரையே பிடிக்கச் சொல்லிவிட்டு நான் சுற்றி வருவேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். யாரை என்று சொல்ல வேண்டியதில்லை.

அவர் வந்த தகவல் உள்ளே எப்படித்தான் போகுமோ, என் மனைவி வேணி தலையை ஒதுக்கிக்கொண்டு, பெரிய பித்தளைச் சொம்பு நிறைய மோர் கொண்டு வந்து கொடுப்பாள். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் அதில் இருக்கும். நான் கேட்டால் ஒரு டம்ளர் வரும். அதில் உப்பு மட்டும் இருக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். அவள் சங்கடப்படவே இல்லை.

"அந்த ஒடம்புக்கு அந்தச் சொம்பு. ஒங்க ஒடம்புக்கு டம்ளரே ஜாஸ்தி."

நஞ்சுண்டப்பா வாசித்த சேதி

அந்தச் சேதி ஒரு நாள் காலை பஸ்ஸில் வந்தது. பெங்களூர்க் கன்னடப் பத்திரிகை ஒன்றில் படம். ஏதோ புஷ்பக் கண்காட்சி. பயில்வான் நிற்கிறார், பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள், இரண்டு பேரும் ஒரே குடைக்குள். அந்தப் பெண் மாதம்மா இல்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் சரோஜா.

எங்கள் தெருவில் கன்னடம் பேசாதவர் குறைவு, கன்னட எழுத்து படிக்கத் தெரிந்தவரும் குறைவு. புளி வியாபாரம் செய்த நஞ்சுண்டப்பாவுக்குப் படிக்கத் தெரியும். அன்றைக்கு அவருக்கு வந்த மவுசு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. என் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வரி வாசிப்பார், மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், தமிழில் ஒரு தடவை சொல்வார், தெலுங்குக்காரர்களுக்காக இன்னொரு தடவை சொல்வார். தோள் அடிபட்டுப் பயில்வான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டுப் போட்ட நர்ஸ் அவள். கட்டு அவிழ்த்த பிறகும் பழக்கம் அவிழவில்லை. சரோஜா விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் இரண்டு பேரும் பெங்களூரில் ஒரு வீடு எடுத்து இருந்தார்கள். பத்திரிகையில் இருந்தது இவ்வளவுதான். நஞ்சுண்டப்பா வாசித்து முடிக்க மத்தியானம் ஆயிற்று.

"அக்கிரமம்!" என்றார் ஒருவர். "ஆஞ்சநேயர் பக்தனாம்!" என்றார் இன்னொருவர். மாதம்மாவை நினைத்து உச்சுக் கொட்டினார்கள். எல்லாரும் திட்டி ஓய்ந்த பிறகு நஞ்சுண்டப்பா பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மெதுவாகக் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் ஸ்வாமி, அந்த மனுஷனுக்கு வயசு என்ன? நம்ம வயசுதானே?"

யாருக்கும் வேண்டாதவர்

ஓசூரை எந்த ராஜ்யத்தோடு சேர்ப்பது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. அதுவரை பயில்வான் எங்கள் ஆள் என்று மூன்று பாஷைக்காரர்களும் சண்டை போட்டார்கள். உத்தனப்பள்ளி மண் என்று தமிழர்கள் சொல்வார்கள். வித்தை கற்றது பெங்களூர்க் குஸ்திக் கூடத்தில் என்று கன்னடக்காரர்கள் சொல்வார்கள். வீட்டில் பேசுகிற பாஷை தெலுங்கு என்று தெலுங்குக்காரர்கள் சொல்வார்கள்.

படம் வந்த மறுநாளே எல்லாம் தலைகீழானது. பெங்களூர் சகவாசத்தால்தான் கெட்டார் என்றார்கள் தமிழர்கள். கெடுத்தவள் தமிழ்க்காரிதானே என்றார் நஞ்சுண்டப்பா. இப்படி ஒருவர் தலையில் ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தபோது, அளவு கொடுக்க வந்திருந்த தெலுங்குக்கார வெங்கடசாமி நாயுடு கையைத் தூக்கியபடியே தீர்ப்புச் சொன்னார்.

"எங்களுக்கும் வேணாம். ஜெயிச்சா பாத்துக்கலாம்."

கழுத்து மட்டும்

எங்கள் மணியக்காரர் கண்டிப்பானவர். வாசகசாலையில் மாட்டியிருந்த பயில்வான் படத்தை அவர்தான் தன் கையால் கழற்றினார். "இளசுங்க கெட்டுப் போகும்" என்று ஒரு பிரசங்கமும் செய்தார். அன்று சாயங்காலமே கடைக்கு வந்துவிட்டார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு ஜிப்பா வேண்டும் என்றார்.

என்ன மாதிரி என்று கேட்டேன். சாதாரணமாக என்றார். சாதாரணம் என்றால் எப்படி என்றேன். கொஞ்சம் கழுத்து அகலமாக என்றார். தோளில் மடிப்பு வைக்கலாமா என்றேன். வைத்தால் தப்பில்லை என்றார். அளவெடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்து நெஞ்சை நிமிர்த்தினார். நான் அளந்து முடிக்கும் வரையில் விடவில்லை, முகம் சிவந்து போயிற்று. அவர் மட்டுமா? அந்த மாதம் முழுவதும் பயில்வானைத் திட்டாதவர் யாரும் இல்லை, பயில்வான் ஜிப்பாவைக் கேட்காதவரும் இல்லை. எனக்கு ராப்பகல் வேலை. மணியக்காரர் படியிறங்கும்போது திரும்பி வந்து காதோடு சொன்னார்.

"பயில்வான் மாதிரின்னு வெளிய சொல்லிடாதே. ஆனா கழுத்து மட்டும் அச்சு அதே மாதிரி இருக்கட்டும்."

ஆஸ்பத்திரிக் கூட்டம்

திடீரென்று ஊரில் ஆண்களுக்கெல்லாம் வயிற்றுவலி வந்தது. சரோஜாவைப் பார்க்க வேண்டுமே! இத்தனைக்கும் வருஷக்கணக்காகத் தினமும் என் கடை வழியாகத்தான் அவள் வேலைக்குப் போவாள், வருவாள். ஒருத்தரும் தலையைத் திருப்பினதில்லை. முப்பது தாண்டிய பெண், மாநிறம், சுமாரான முகம், முழங்கை வரை கை வைத்த வெள்ளை ரவிக்கை. அந்த ரவிக்கைகளும் என்னிடம்தான் தைத்தது. ஆஸ்பத்திரியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லையாம். வயிற்றுவலி என்று வந்தவர்களையெல்லாம் வரிசையாக உட்காரவைத்து விளக்கெண்ணெய் கொடுத்து, குடித்து முடிக்கிற வரையில் பக்கத்திலேயே நின்றாளாம்.

ஜவுளிக்கடைக் குமாஸ்தா ரங்கனும் போனவர்தான். விளக்கெண்ணெய் தன் வேலையை முடித்த பிறகு, சோர்ந்து போய் மூன்றாம் நாள் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். "எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். சினிமாக்காரி மாதிரி இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று குமுறினார்.

"என் பையனுக்கு அம்மை குத்தினது இந்தம்மாதான் டெய்லரே. நானும் அன்னிக்குப் பக்கத்துலதான் நின்னேன். என்னை நிமிந்துகூடப் பாக்கலை!"

தொளதொளவென்று

நான் தைத்துக் கொடுத்த ஜிப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. கொண்டு வந்தது பெண்கள். முதலில் வந்தது மணியக்காரர் வீட்டம்மா. மூட்டையாகச் சுருட்டிக் கொண்டு வந்து மெஷின்மேல் போட்டார்.

"என்னங்கம்மா, தையல் சரியில்லையா?"

"தையல் நல்லாத்தான் இருக்குது. அதுதான் தப்பு. இந்த மடிப்பெல்லாம் பிரிச்சுட்டு, சாக்குப்பை மாதிரி தொளதொளன்னு ஆக்கிக் குடு."

"ஐயாவுக்கு எடுப்பா இருக்குமேங்கம்மா."

கேட்டதும் அந்த அம்மாள் முகம் மாறிவிட்டது. முப்பது வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்தும் அம்மாள். பேரன் எடுத்தாயிற்று. மணியக்காரரை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், தெருவுக்கும் தெரியும். அந்த அம்மாளுக்கு மட்டும் அது தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு மணியக்காரர்மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"நாலு பேரு திரும்பிப் பாக்கறது எதுக்கு? நான் ஒருத்தி பாத்தா பத்தாதா?"

என் வீட்டில்

வேணியும் மாறிவிட்டாள். கடைக்குப் பெண்கள் யாராவது வந்தால், அரிசிமுறத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்குவாள். சரோஜாவுக்கு அளவெடுத்தது எப்படி என்று விசாரணை நடந்தது. நான் எந்தப் பெண்ணையும் தொட்டு அளவெடுத்ததில்லை, பழைய ரவிக்கையைக் கொடுப்பார்கள், அதைப் பார்த்துத் தைப்பேன் என்று சொன்னேன். அவளுக்கும் அது தெரிந்ததுதான். இருந்தும் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகவில்லை.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சொம்பு மோர் குடித்தவர்மேல் இருந்த மயக்கம் தெளிந்து, நம்மையும் ஒரு ஆம்பிளையாக நினைத்துச் சந்தேகப்படுகிறாளே என்று நெஞ்சு விரிந்தது. "என்மேல உனக்கு அவ்வளவு சந்தேகமா?" என்று கொஞ்சம் மிடுக்காகவே கேட்டேன். அவள் முறத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"ஒங்க மேல என்னங்க சந்தேகம்? ஒங்களைப் பாத்தும் ஏமாந்து போறவ எவளாவது இருப்பா இல்லே, அதுக்கோசரந்தான்."

ஒரே அளவு

சந்தடி அடங்கிய ஒரு மத்தியானம் மாதம்மாவே வந்தார். அதுவரை எப்போதும் புருஷனோடு சிரித்துக்கொண்டு வருகிறவர், தனியாக வந்தார். கையில் வெள்ளைத் துணியும் ஒரு அளவு ரவிக்கையும் இருந்தன. பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இதுல எனக்கு ஒரு ரவிக்கை வேணும். கை முழங்கை மட்டும் வரணும். அவளுக்குத் தைப்பீங்களே, அதே மாதிரி."

வெள்ளை உங்களுக்கு எடுபடாதுங்க, அரக்கு நல்லா இருக்கும் என்று ஏதோ உளறினேன். அவர் காதில் வாங்கவில்லை. "அண்ணா, உங்களுக்குத்தான் தெரியும். ஊர்ல யாரைக் கேட்டாலும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அவ என்னைவிட ஒல்லியா? இடுப்பு சின்னதா?" என்று கேட்டார். அழவில்லை, கோபமும் இல்லை. கடையில் பருப்பு விலை கேட்பதுபோலக் கேட்டார். சரோஜாவின் அளவு ரவிக்கை அலமாரியில் இருந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் விளிம்புகூட மாறாது. பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதாங்கம்மா" என்றேன்.

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். வெகுநேரம் அந்த வெள்ளைத் துணியை மடித்து மடித்துப் பிரித்தார். சரோஜா ஒல்லி என்று நான் சொல்லியிருந்தால் அவருக்குத் திட்ட ஒரு காரணம் கிடைத்திருக்கும். ஒரே அளவு என்று சொல்லி அதையும் பிடுங்கிவிட்டேன். உள்ளேயிருந்து வேணி வந்து நின்றாள். மாதம்மா எழுந்தார். துணியை எடுத்துக்கொண்டார்.

"முன்னெல்லாம் இந்த ஊர்ப் பொம்பளைங்க அத்தினி பேரும் என்னைப் பாத்து எரிஞ்சாங்க. இப்ப எல்லாருக்கும் குளுந்து போச்சு. நான் ஒண்டியா எரியறேன்."

தேர்த் திருவிழாக் குஸ்தி

அந்த வருஷம் தேர்த் திருவிழாவை ஒட்டிக் குஸ்தி நடந்தது. திம்மராயனுக்கும் பெல்லாரியிலிருந்து வந்த ஒரு பயில்வானுக்கும் போட்டி. என் வாழ்நாளில் அப்படியொரு கூட்டம் பார்க்கவில்லை. சாமல்பட்டியிலிருந்துகூட ரயிலும் பஸ்ஸும் மாறி வந்திருந்தார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் குஸ்தி பிடிக்கத் தெரியாது, பார்க்கவும் தெரியாது. திம்மராயன் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினதும், "நர்சம்மா எங்கே?" என்று ஒரு குரல் கேட்டது. ஒன்று பத்தாகி, பத்து நூறாயிற்று. மணியக்காரர் தொளதொள ஜிப்பாவில் முன்வரிசையில் இருந்தார். ரங்கன் விசிலடித்தார். பயில்வான் காதில் எல்லாம் விழுந்தது. கால் நிலைக்கவில்லை. பெல்லாரிக்காரன் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி மல்லாக்கப் போட்டான்.

எங்கள் ஊர் ஆள் தோற்றதற்கு எங்கள் ஊரே கைதட்டியது. என் கையும் தட்டிற்று. தட்டிய பிறகுதான் எதிரே பெண்கள் பகுதியைப் பார்த்தேன். மாதம்மா வந்திருந்தார். மடியில் வறுத்த கடலைக்காய். ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். கூட்டம் அவர் அழுவாரா, ஓடுவாரா, மயங்கி விழுவாரா என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அவர் தோலை ஊதித் தள்ளிவிட்டு அடுத்த கடலையை எடுத்தார். வேணி அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். புருஷன் மண்ணில் கிடந்தபோது மாதம்மா சொன்னதை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

"ஒரு தடவை பத்தாது. எனக்கோசரம் இன்னொரு தடவை போடச் சொல்லுங்க."

மலைக்கு மாற்றல்

ஊர் வாய்க்கு அந்தத் தோல்வி போதுமானதாக இருந்தது. ஆனால் சரோஜாவை யாரும் விடவில்லை. தெருவில் போனால் சிரித்தார்கள். வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். அவளே எழுதிக் கேட்டு நாட்றாம்பாளையம் பக்கம், காட்டு ஓரத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டாள். புறப்படும் முன்பு தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைகளை வாங்க வந்தாள். வேணி முறத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் துணிகளைக் காகிதத்தில் சுற்றினேன். சும்மா அனுப்ப மனசு வராமல், "அங்கே குளிர் ஜாஸ்திங்க, பாத்துக்கோங்க" என்றேன். தலையை ஆட்டினாள். பிறகு என்னிடம் பேசாமல் வேணியிடம் பேசினாள். குஸ்திக்கு அவளும் போயிருந்தாளாம், கூட்டத்துக்குப் பின்னால் தலையில் முக்காடு போட்டு நின்றாளாம்.

"அந்தம்மா முன்னாடி உக்காந்து, அவரு விழட்டும்னு சொல்ல முடிஞ்சுது. எனக்கு ஐயோன்னு சொல்லக்கூட வாயில்லை. எத்தினி கொடுத்து வெச்சவங்க!"

அன்று ராத்திரி வேணி சரியாகச் சாப்பிடவில்லை.

யாருக்கும் தெரியாத முகம்

பயில்வான் உத்தனப்பள்ளிக்கே திரும்பிப் போனார். மாதம்மா சோறு போட்டார், பேச்சுப் போடவில்லை என்று சொன்னார்கள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தக்காளி வண்டியோடு எப்போதாவது ஓசூருக்கு வந்து போனார். பல மாதம் கழித்து ஒரு நாள் என் கடை முன்னால் நின்றார். ஒரு சாதாரணச் சட்டை வேண்டும் என்றார். மடிப்பு வேண்டாம், கழுத்து அகலம் வேண்டாம், எல்லாரும் போடுகிற மாதிரி இருந்தால் போதும் என்றார். அளவெடுத்தேன். முதுகைச் சுற்றி இப்போது என் கை எட்டியது. ஜெயித்தது நான் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நினைப்பு நிலைக்கவில்லை, அவர் தோள் அவ்வளவு தொங்கிப் போயிருந்தது.

அதற்குள் தெருவில் ஆள் கூடிவிட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஒருவன் இன்னொருவன் விலாவில் இடித்துக் காட்டினான். நான் கதவில் ஒரு பலகையைச் சாத்தினேன். "அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டேன். "நேத்துத்தான் திட்டினா" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பேசாத பெண்டாட்டி திட்ட ஆரம்பித்தால் என்ன அர்த்தம் என்று கல்யாணமான உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். பலகை இடுக்கு வழியாக இன்னும் இரண்டு கண் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், கடைசியில் என்னைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ஒன்னை யாருமே திரும்பிப் பாக்கறதில்லை டெய்லரே. எவ்வளவு குடுத்து வெச்சவன் நீ!"

திம்மராயப் பயில்வானே என்னைப் பார்த்து வயிறெரிந்தார் என்று நானும் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், என் வீட்டில் மட்டும் இன்னும் ஒருத்தரும் நம்பவில்லை.